ஏறிருச்சுங்களா?

அந்த ஒயரைப் புடுங்கிறாதீங்ணா. உங்களைத்தானுங்க. சார்ஜ் நாப்பத்தெட்டு பர்சென்ட்டுதான் காட்டுது பாருங்க. தாராபுரத்துக்கு இங்கிருந்து பதினெட்டு கிலோமீட்டர், காத்து வேற குறுக்கால அடிக்குது. இந்தக் குண்டடத்தைச் சுத்தி கரண்ட்டு எடுக்கற காத்தாடி இத்தனை எதுக்கு நட்டு வெச்சிருக்கறாங்க, அழகுக்கா? காத்துல வண்டி என்ன குடி குடிக்கும்னு எனக்குத் தெரியும். நடுரோட்டுல நின்னு போச்சுன்னா ஞாயித்துக்கிழமை எவனும் வர மாட்டான். வாங்க, இப்படி நெழல்ல உக்காருங்க. ஒரு மணி நேரம் போடுங்க. டீ சொல்லட்டுங்களா? இந்த பேக்கரில டீ நல்லாருக்கும். தேங்கா பன் மட்டும் வேண்டாம், அது நேத்தைக்குது.

போதும்ங்கறீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. உக்காருங்ணா, சித்தெ நேரம்.

அக்கட்ட நிக்குதே கறுப்பு வண்டி, அது என்றது. ஸ்கூட்டர் இல்லீங்க, மோட்டார் சைக்கிள். கரண்ட்டு வண்டிதான். அது பத்து மணிக்கே நூறு ஏறிருச்சு. இப்ப மணி பதினொண்ணரை. ஏன் இன்னும் இங்கயே உக்காந்திருக்கறேன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டிய கேள்விதான். சொல்றேன். மொதல்ல ஒண்ணு சொல்லுங்க, உங்க சார்ஜர் கம்பெனி குடுத்ததுதானே? சின்ன பிளக்குதானே? அதை மட்டும் மாத்திராதீங்ணா. அதைச் சொல்லலாம்னுதான் உங்களைக் கூப்புட்டேன்.

என்ற பேரு சம்பத்துங்க. கோயமுத்தூர், சிங்காநல்லூர். லிப்ட் சர்வீஸ். லிப்ட்ல யாராச்சும் மாட்டிக்கிட்டா போயித் தெறந்து விடறதுதான் என்ற வேலை. பதினேழு வருஷமா அதுதான். போன் வந்தா இருவது நிமிஷத்துல நான் அங்க நிக்கணும். அதுக்குத்தான் இந்த வண்டி. போன்லயே மொதல்ல சொல்லீருவேன், கதவைத் தள்ளாதீங்க, உள்ள இருக்கறவங்க எதுவும் பண்ண வேண்டாம், பேசாம நில்லுங்க, நான் வெளிய இருந்து வந்து தெறப்பேன். உள்ள இருந்து ஒருத்தன் தள்ளுனான்னு வெச்சுக்கங்க, அப்பறம் அது எனக்கே தெறக்காது.

ஒரு கூத்து கேளுங்க. நம்ம கோயமுத்தூர் ராமநாதபுரத்துல ஒரு அபார்ட்மென்ட். அண்ணன் மூணாவது மாடி, தம்பி அஞ்சாவது மாடி. மூணு வருஷமா பேச்சு கெடையாது. ஒரு நாள் ரெண்டு பேரும் ஒட்டுக்கா மாட்டிக்கிட்டாங்க. அன்னைக்கு சிக்னல்ல சரியான நெரிசல், நான் போய்ச் சேர நாப்பது நிமிஷம் ஆயிப்போச்சு. வேர்க்க விறுவிறுக்க ஓடிப் போயித் தெறக்கறேன், ரெண்டு பேரும் தரையில சம்மணம் போட்டு உக்காந்துட்டு அவங்கம்மாவோட கண் ஆபரேசனைப் பத்திப் பேசிட்டிருக்கறாங்க. என்னைப் பாத்து, "அதுக்குள்ள வந்துட்டீங்களா?"ங்கறாரு அண்ணங்காரர். எனக்கு வந்துதே கோவம். உயிரைக் கையில புடிச்சுட்டு வந்திருக்கறேன், அதுக்குள்ளயாம். அப்படியும் ஆளுக இருக்கறாங்க.

என்ற சம்சாரம் பேரு கோகிலா. கல்யாணமாகி எட்டு வருசம். அவ ஊருதான் தாராபுரம் பக்கம், பைபாசுல இருந்து உள்ள போகணும். அவளுக்கு ஒரு பழக்கம். நான் வேலைக்குக் கெளம்பறப்ப "போறேன்"னு சொன்னா அவளுக்கு ஆகாது. "போறேன்னு சொல்லாதீங்க, போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க"ம்பா. எல்லா ஊட்லயும் சொல்றதுதான், இல்லீங்கல. ஆனா எங்க ஊட்ல அப்பா, அண்ணன் எல்லாரும் போறேன்னுட்டுத்தான் போவாங்க, போயிட்டு வராமலா இருக்கறாங்க? எனக்கு அவசரத்துல அதுதான் வரும். எட்டு வருசமா தெனமும் நான் சொல்ல, தெனமும் அவ திருத்த. வண்டியைக் கெளப்புன பொறகும் வாசல் கேட்டுக்கிட்ட வந்து நின்னு, திருப்பிச் சொல்ல வெச்சுட்டுத்தான் விடுவா. ரெண்டு நிமிஷம் அதுல போயிரும்.

மாசி மாசம் என்ற மாமனார் களத்துல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. அவரைப் பாத்துக்கப் போறேன், ஒரு மாசம்னு சொல்லிட்டுப் போனா. ரெண்டு பெட்டி எடுத்துட்டுப் போனா. ஒரு மாசத்துக்கு எதுக்கு ரெண்டு பெட்டின்னு நான் அப்ப யோசிக்கலை.

அதுக்கு முன்னாடி தை மாசத்துல ஒண்ணு நடந்துது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லீங்க. இருந்தாலும் கதைன்னு ஆரம்பிச்சாச்சு, சொல்லீர்றேன். எட்டு வருசம் கழிச்சு உண்டாயிருந்தா. நாலாவது மாசம் தங்கலை. ஆஸ்பத்திரில இருந்து கூட்டிட்டு வந்து கட்டில்ல படுக்க வெச்சேன். ஒரு டம்ளர் தண்ணி கொண்டாந்து தலைமாட்டுல வெச்சேன். போன் வந்துருச்சு. அவினாசி ரோட்டுல ஒரு துணிக்கடை, லிப்ட் நின்னு போச்சு, உள்ள ஆள் இருக்கறாங்களான்னு தெரியலைங்கறாங்க. நான் என்ன பண்ணுவேன்? இருவது நிமிஷம், நான் போறேன்னேன். படுத்த படுக்கையிலயும், "போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க"ன்னா பாருங்க. சொல்லிட்டுத்தான் போனேன். போயிப் பாத்தா லிப்ட் காலி. ரெண்டு மாடிக்கு நடுவுல வெறும் பொட்டி நின்னுட்டிருக்குது. வந்தது வந்தாச்சுன்னு மோட்டாரைக் கழட்டிப் பாத்து, போற வழியில இருந்த இன்னும் ரெண்டு கம்ப்ளைன்ட்டையும் முடிச்சுட்டு ஊட்டுக்கு வர்றப்ப சாயந்தரம் அஞ்சரை. அவ செவுத்தைப் பாத்து அப்படியே படுத்திருந்தா. தண்ணி டம்ளர் வெச்ச எடத்துல வெச்ச மாதிரி இருந்துது. ஒரு வார்த்தை கோவிச்சுக்கலைங்க. அதனாலதான் சொல்றேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

சரி, சார்ஜர் கதைக்கு வர்றேன்.

ஞாயித்துக்கிழமையானா அவளைப் பாக்கக் கெளம்பிருவேன். சிங்காநல்லூர்ல இருந்து அவங்க ஊடு எண்பத்திரண்டு கிலோமீட்டர். வண்டி ஒரு சார்ஜுக்கு நூறு ஓடும். ஆகக்கூடி அங்க போயிச் சார்ஜ் போடாம திரும்ப முடியாது. கம்பெனி சார்ஜர் அஞ்சு மணி நேரம் எடுக்கும். அஞ்சு மணி நேரங்ணா! ஒம்பதரைக்குப் போயி இறங்கினா ரெண்டரை வரைக்கும் மாமனார் ஊட்ல உக்காரணும். முன்னறையில டிவிக்குக் கீழதான் பிளக்கு. ஒயரு வாசக்கதவைத் தாண்டி வெளிய போகும், அதனால கதவைச் சாத்த முடியாது. உள்ள வர்றவங்க போறவங்க எல்லாம் அதைத் தாண்டித் தாண்டிப் போகணும். மாமனார் கட்டில்ல படுத்துட்டு அரை மணிக்கொருக்கா கேப்பாரு, "ஏறிருச்சுங்களா மாப்ளே?" இல்லீங்க மாமா, முப்பத்திரண்டு. அரை மணி கழிச்சு, "ஏறிருச்சுங்களா?" நாப்பதுங்க. எனக்கு லிப்ட்ல மாட்டுனவன் பொழப்பு என்னன்னு அங்கதான் தெரிஞ்சுது.

ஆரம்பத்துல மூணு வாரம் அவ வெளியவே வரலை. அத்தைதான் டீ கொண்டாந்து குடுக்கும். நாலாவது வாரம் அவ கொண்டாந்தா, டம்ளரை ஸ்டூல் மேல வெச்சுட்டுப் போயிட்டா. நான் சும்மா உக்கார முடியாதவனுங்க. அவங்க மிக்ஸி ஓடாம கெடந்துது, அதைக் கழட்டி மாட்டுனேன். அப்பறம் பேன். அப்பறம் மாமனார் புடிச்சு நடக்கறதுக்குன்னு முன்னறையில இருந்து பாத்ரூம் வரைக்கும் செவுத்தோரமா ஒரு பைப்பு அடிச்சேன், லிப்டுக்குள்ள கைப்புடி இருக்குமே, அதே மாதிரி. அதை அடிக்கறப்ப ஒரு முனையை அவ புடிச்சா. "கொஞ்சம் மேல, இன்னும் மேல"ன்னேன். அவ்வளவுதான் பேச்சு. அந்த வாரம் முருங்கைக்கீரையைக் கொண்டாந்து முன்னறையிலயே உக்காந்து உருவுனா. இத்தனூண்டு கட்டு, ரெண்டு மணி நேரம் உருவுனா. நான் கண்டுக்கலை, நான் பாட்டுக்கு வண்டி எவ்வளவு ஏறியிருக்குதுன்னு பாத்துட்டு உக்காந்திருந்தேன். "சட்டைல மேப்பட்டன் இல்லையே, அப்படியேவா வேலைக்குப் போறீங்க?"ன்னா. பட்டன் தைக்கற வரைக்கும் நான் பனியனோட உக்காந்திருக்க வேண்டியதாப் போச்சு. மாமனார் முன்னாடி. மானக்கேடு.

அதுலயும் வைகாசில ஒரு ஞாயித்துக்கிழமை இருக்குது பாருங்க, அதை நெனைச்சாலே எனக்கு ஆகாது. பேய்மழை. மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்ட் போயிருச்சு. வண்டி முப்பத்தெட்டுல நிக்குது. பதினொரு மணிக்குப் போன கரண்ட் ஆறு மணிக்கு வருது. அதுக்கு மேல ஏறணும்! ஒரு நாள் பூரா அங்கயே. மத்தியானம் எல்லாரும் ஒட்டுக்கா தரையில உக்காந்து சாப்பிட்டோம். மாமனார், நான் வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் ஏறிருச்சான்னு கேக்கலை. மழை பாத்துட்டு அவ வாசப்படில உக்காந்திருந்தா, நான் இந்தப் பக்கம். அந்த அண்ணந்தம்பி கதையைச் சொன்னேன். "அதுக்குள்ள வந்துட்டீங்களா"ன்னு நான் அந்த ஆளாட்டம் சொல்லிக் காட்டுனதுக்கு அப்படிச் சிரிச்சா. அதுல சிரிக்க என்ன இருக்குதுன்னே எனக்குத் தெரியலை. கெளம்பறப்ப, "மாடில கறிவேப்பலைச் செடிக்குத் தண்ணி ஊத்தறீங்களா?"ன்னு கேட்டா. ஊத்தறேன்னேன். அப்பத்தான் அத்தை உள்ள இருந்து சொல்லுச்சு, "ஆடி போகட்டுங்க மாப்ளே. ஆவணி பொறந்தா ஒரு நல்ல நாள் பாத்து வந்து அம்மிணியைக் கூட்டிட்டுப் போங்க." அவ என்ற ஹெல்மெட்டை முந்தானைல தொடைச்சுக் குடுத்தா.

எனக்கு எம்புட்டு சந்தோசம்ங்கறீங்க. வண்டி ஓட்டிட்டு வர்றப்பவே எட்டு வருசத்துல பாடாத பாட்டெல்லாம் பாடிட்டு வந்தேன். ஆவணிக்கு இன்னும் மூணு மாசம். அதுவரைக்கும் இந்த அஞ்சு மணி நேரத்தைத் தாங்கிக்கணுமேங்கறதுதான் ஒரே கவலை.

உக்கடத்துல முபாரக்னு ஒரு பாய். கரண்ட்டு வண்டிக்குன்னே கடை வெச்சிருக்கறாப்ல, கெட்டிக்காரர். வேகமா ஏறற சார்ஜர் மாட்டித் தர்றேன்னாரு. டேங்க் எடத்துல ஒரு பொட்டி வரும், பெரிய பிளக்குல சொருகுனா அம்பது நிமிஷத்துல திரும்பி வர்ற அளவுக்கு ஏறிரும். "ஒண்ணுதான் சம்பத்து, பழைய பாயிண்ட்டை அறுத்துட்டுத்தான் இதை வெக்கணும். சீல் ஒடைஞ்சுரும், கம்பெனில வண்டியைத் தொட மாட்டான். திரும்பப் பழையபடி ஆக்க முடியாது, யோசிச்சுக்க"ன்னாரு. இதுல யோசிக்க என்ன இருக்குது பாய்ன்னேன். எனக்கு நேரம் மிச்சம், அவங்களுக்கும் தொந்தரவில்லை. வர்ற மாப்பிள்ளை வாராவாரம் அரைநாள் உக்காந்துட்டிருந்தா அவங்கதான் எத்தனை நாளைக்குப் பொறுத்துக்குவாங்க? என்ற பழைய சார்ஜரை அன்னைக்கே அவர்கிட்டயே விட்டுட்டு வந்துட்டேன்.

ஆடி மொத ஞாயித்துக்கிழமை. பெரிய பிளக்கு அவங்க ஊட்டுக்குப் பின்னாடி வாசிங் மெசினுக்கிட்டத்தான் இருக்குது. அதனால வண்டியைச் சுத்திக்கிட்டுப் பின்னால கொண்டு போயிட்டேன். சொருகுனதும் பொட்டிக்குள்ள பேன் சர்ருனு ஓட ஆரம்பிச்சுது. அத்தை காதைப் பொத்திக்கிச்சு. அடுப்படில பாத்தா அவ சந்தவைக்கு ஏற்பாடு பண்ணிட்டிருக்கறா. சந்தவை தெரியுமல்லங்க, இடியாப்பமாட்ட? அரிசியை ஊறப்போட்டு, ஆட்டி, இட்லியா வேக வெச்சு, சூடு ஆறாம கட்டையில போட்டுப் பிழியணும். சோறாக்கற மாதிரி இல்லை, அரைநாள் வேலை. பிழியறதுக்கு நல்ல ஆம்பளைக் கையி வேணும். அவங்க ஊட்ல மாமனார்தான் பிழிவாரு, இப்ப அவரால ஆகாது. அந்தப் பிழியற கட்டையைக் கழுவித் தொடைச்சு முன்னறையில நான் எப்பவும் உக்கார்ற சேருக்கிட்ட கொண்டாந்து வெச்சிருந்தா. இட்லிச்சட்டி அடுப்புல ஏறுது, இங்க வண்டி கீங் கீங்னு கத்துது. பச்சை லைட்டு. மணி பாக்கறேன், அம்பத்தி ரெண்டு நிமிஷம்!

நான் ஹெல்மெட்டை எடுத்துட்டேன். அவ கைல மாவோட பின்வாசலுக்கு வந்தா. "அதுக்குள்ளயா?"ன்னா. எனக்கு ஒரே பெருமை. பொட்டியைத் தட்டிக் காட்டுனேன். எல்லாத்தையும் சொன்னேன், பாயைப் பத்தி, பிளக்கைப் பத்தி, ஆம்பியரைப் பத்தி. கேட்டுட்டே நின்னா. அப்பறம் கேட்டா, "இத்தனை வாரம் அஞ்சு மணி நேரம் உக்காந்திருந்தது சார்ஜ் ஏறறதுக்குத்தானுங்களா?"

"பின்ன வேற எதுக்கு?"ன்னேன்.

இருங்ணா, அப்படிப் பாக்காதீங்க. உள்ளதைத்தானே சொன்னேன். சார்ஜ் ஏறறதுக்குத்தான் உக்காந்தேன். நான் என்ன பொய்யா சொல்லட்டும்? "இனி உங்களுக்கெல்லாம் தொந்தரவே இல்லை"ன்னும் சொன்னேன். அவ மாவுக் கையைப் பாத்துட்டு நின்னா. நான் வண்டியைத் திருப்பிட்டு, "அப்ப நான் போறேன்"ன்னேன்.

"ம்"ன்னா.

அவ்வளவுதான். திருத்தலை. எட்டு வருசத்துல அன்னைக்குத்தான் திருத்தலை. பரவால்லையே, அந்தப் பழக்கத்தை விட்டுட்டாளேன்னு நெனைச்சுட்டு நான் பாட்டுக்கு வந்துட்டேன். பல்லடம் வந்த பொறகுதான் என்னமோ பொக்குனு இருந்துது. காலைல சாப்பிடாததுதான்னு நெனைச்சு ரெண்டு பரோட்டா சாப்பிட்டேன். அப்பவும் சரியாகலை. மிச்சமான நாலு மணி நேரத்துல என்ன பண்ணுனேன்னு கேக்கறீங்களா? ஊட்டுக்குப் போயி பேனைப் போட்டுட்டுப் படுத்திருந்தேன்.

அடுத்த வாரம் போறேன், நான் இறங்கறதுக்கு முன்னாடியே அத்தை டீயோட நிக்குது. வாசல்லயே. "சுருக்கா குடிச்சுக்கங்க மாப்ளே, உங்களுக்கு நேரமாகும்"ங்குது. மாமனார் எடுத்ததும், "ஏறிருச்சுங்களா?"ன்னாரு. இன்னும் சொருகவே இல்லீங்க மாமா. முன்னறையில என்ற சேரு இல்லை, அதுல துணி மடிச்சு வெச்சு உள்ள போட்டிருந்தாங்க. கோகிலா ரூமுக்குள்ள இருந்தா. சந்தவை என்னாச்சுங்கன்னு கேட்டேன். பிழிய ஆளில்லை, அப்படியே இட்லியாத் தின்னுட்டோம்னுச்சு அத்தை. மூணாவது வாரம் அவ ஊட்லயே இல்லை, ஏதோ காதுகுத்துக்குப் போயிட்டாளாம். அத்தைகிட்ட, ஆவணில எந்த நாள் பாக்கறீங்கன்னு கேட்டேன். அது அண்ணாந்து காத்தாடியைப் பாக்குது. "பாக்கலாங்க மாப்ளே, அவங்கப்பா இன்னும் நல்லா நடக்கட்டும்." அவரு நான் அடிச்ச பைப்பைப் புடிச்சுட்டு முன்னறைக்கும் பாத்ரூமுக்கும் ஜோரா நடந்துட்டிருக்கறாருங்ணா, என்ற கண்ணு முன்னாடி.

அன்னைக்குத்தான் எனக்கு ஒறைச்சுது. சார்ஜருதான் காரணம். அது வர்ற வரைக்கும் எல்லாம் சரியாத்தானே போயிட்டிருந்துது? நேரா முபாரக் பாய்கிட்டப் போனேன். பாய், பழைய சார்ஜரையே மாட்டிக் குடுங்க, எனக்கு அஞ்சு மணி நேரம் ஆகணும்னேன். அவரு கைல இருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டாரு. "சம்பத்து, வேகமா வேணும்னு தெனம் பத்து பேரு வர்றான். மெதுவா வேணும்னு வந்தவன் நீ ஒருத்தன்தான்"னு சிரிக்கறாரு. அறுத்த பாயிண்ட்டை ஒட்ட முடியாது, நான் அன்னைக்கே சொன்னேன்னாரு. கம்பெனி சர்வீசுக்குப் போனேன். சீல் ஒடைஞ்ச வண்டியை கேட்டுக்குள்ளயே விடலை. முடிஞ்சுது.

அப்பறம் நானும் பாக்காத வேலையில்லை. கத்தற சத்தத்தை நிறுத்தறதுக்கு அந்த ஒயரைக் கழட்டி விட்டுட்டு, ஏறுன பொறகும் ஏறலைன்னு சொல்லி உக்காந்தேன். ஒரு பத்து நிமிஷம் போயிருக்கும். ரூமுக்குள்ள இருந்து அவ கொரல் வருது, "பச்சை விழுந்துருச்சு, பாருங்க." சன்னல் வழியா அவளுக்கு வண்டி தெரியுமாட்ட இருக்குது. அதுக்கடுத்த வாரம் இந்தக் காத்தாடிக் காட்டுக்குள்ள பூந்து சுத்து சுத்துன்னு சுத்தி, பேட்டரியைச் சுத்தமாத் தொடைச்சு, மூணு பர்சென்ட்ல போயி நின்னேன். நடுவுல நின்னிருந்தா தள்ளிக்கிட்டுத்தான் போயிருக்கணும். அப்படியும் எழுபத்தி நாலு நிமிஷம்தான். இருவத்திரண்டு நிமிஷம் எச்சு கெடைச்சுது. அந்த இருவத்திரண்டு நிமிஷமும் அவ வெளிய வரலை.

என்ன கேட்டீங்க? சார்ஜ் இல்லாமயே உக்காந்திருக்கலாமேங்கறீங்களா?

எப்படிங்ணா? சும்மா எப்படி உக்கார முடியும்? ஒரு ஆம்பளை, ஒரு காரணமும் இல்லாம மாமனார் ஊட்ல போயி, இந்தாங்க நான் வந்திருக்கறேன், உக்காந்திருக்கறேன்னு உக்கார்றதுக்கு ஒரு இது வேணுமல்லங்க? என்ன சொல்லிட்டு உக்கார்றது? உன்னைப் பாக்கத்தான் உக்காந்திருக்கறேன்னா? எட்டு வருசம் கழிச்சு அதை எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது? அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுக்கணும்ல?

இதைப் பாருங்க. போன வியாழக்கெழமை அவகிட்ட இருந்து வந்துது. ஒரு மாசமா மெசேஜே இல்லை. என்ற கண்ணாடி இல்லை, நீங்களே படிங்க. "குண்டடம் பேக்கரில சார்ஜ் பாயிண்ட் போட்டிருக்காங்களாம். நீங்க இனி இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை." எவ்வளவு அக்கறை பாருங்க. அப்படித்தான் நெனைச்சேன் நானும். வியாழன் பூரா அப்படித்தான் நெனைச்சுட்டிருந்தேன். வெள்ளிக்கெழமை ஒரு லிப்டுக்கு மேல நின்னு கிரீஸ் அடிச்சுட்டிருக்கறப்ப இன்னொருக்கா எடுத்துப் படிச்சேன். அப்பறம் கீழ எறங்கி படிக்கட்டுல உக்காந்துட்டேன்.

இன்னைக்குக் காலைல வழக்கம்போல கெளம்பிட்டேன். கால் அதுவா வந்துருச்சு. இங்க வந்து பாத்தா நெசமாலுமே கம்பம் நட்டு வெச்சிருக்கறாங்க, சின்ன பிளக்கும் இருக்குது, பெரிய பிளக்கும் இருக்குது. சொருகுனேன். பத்து மணிக்கு நூறு. இனி அங்க போறதுக்கு என்ன காரணம் இருக்குது சொல்லுங்க? இங்கிருந்து திரும்பி ஊட்டுக்குப் போறதுக்குத்தான் வண்டில சார்ஜ் இருக்குதே. ஆனா கெளம்பவும் தோணலை. அந்தப் பக்கமும் போக முடியலை, இந்தப் பக்கமும் போக முடியலைங்ணா. ரெண்டு மாடிக்கு நடுவுல நிக்கறேன். மெசேஜுக்குப் பதில் போட்டிருக்கறேன், "குண்டடத்துல இருக்கறேன், ஏறிட்டிருக்குது"ன்னு. பாத்துட்டா. நீல டிக்கு விழுந்துருச்சு. ஏறிருச்சுங்களான்னு ஒரு வார்த்தை கேப்பாளான்னு பாத்துட்டிருக்கறேன். அதைத்தான் ஒன்றரை மணி நேரமா பாத்துட்டிருக்கறேன். வாங்கன்னு ஒரு வார்த்தை வந்தா பத்தொம்பது நிமிஷத்துல வாசல்ல நிப்பேன்.

எந்திரிச்சுட்டீங்களா? எவ்வளவு? அம்பத்தொம்பதா? இன்னும் கொஞ்சம் ஏறட்டும்ணா. சரி, சரி, போதுங்கறீங்க. போதும்தான். நாப்பத்தெட்டே போதும்னு எனக்கும் தெரியும். கோவிச்சுக்காதீங்க. இருங்க, ஒயரை நான் உருவித் தர்றேன், இந்தப் பாயிண்ட் கொஞ்சம் இறுக்கம். டீக்கெல்லாம் காசு வேண்டாம்ங்க.

என்ன சொன்னீங்க? போறேங்கறீங்களா?

அப்படிச் சொல்லப்படாதுங்ணா. போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன். சொன்னீங்கன்னாத்தான் ஒயரை விடுவேன். சும்மா சொல்லுங்ணா.

ஆங். அவ்வளவுதான். பாருங்க, ஒரு நொடிகூட ஆகலை.

இதை அவ அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் திரும்பி உள்ள வந்திருப்பேன்ல?